பொலியூரிதேன் புஷ்ஷுக்கு எந்தக் கிறீஸ்: யாழ்ப்பாணத்தில் வாங்கக்கூடியவை பற்றிய மதிப்பீடு

சில்லைத் தாங்கும் பாகங்களின் மூட்டுகளில் றபர் வளையத்துக்குப் பதிலாக, கடினமான செயற்கைப் பொருளான பொலியூரிதேனால் செய்த புஷ் போட்ட காரொன்று வேகத்தடையில் ஏறி இறங்கும்போது துருப்பிடித்த படலைப் பிணைச்சலைப் போலக் கத்தினால், பழி பெரும்பாலும் புஷ்ஷின் மேல்தான் விழுகிறது. இவ்வளவு விலை கொடுத்தும் பயனில்லை என்று சலித்துக்கொண்டு மறுபடி பழைய றபர் புஷ்ஷுக்கே திரும்பியவர்களும் உண்டு. உண்மையில் அந்தச் சத்தத்துக்குக் காரணம் அநேகமாகப் புஷ்ஷுக்குள் பூசப்பட்ட கிறீஸ், அல்லது பூசாமல் விடப்பட்ட கிறீஸ். எனது கொரோலா 121இன் முன் லோவர் ஆம்களிலும் (சில்லைச் சட்டகத்தோடு இணைக்கும் கீழ்க் கைகள்) ஸ்டெபிலைசர் பாரிலும் (வளைவில் கார் சாயாமல் தடுக்கும் இரும்புத் தண்டு), உறவினர் ஒருவரின் மொரிஸ் மைனரிலும் வெவ்வேறு கிறீஸ்களைப் பூசி, ஒரு கோடையும் ஒரு மாரியும் ஓடவிட்டு, பின்னர் கழற்றிப் பார்த்ததை வைத்து இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் இந்த விடயத்துக்கு இப்போது கொஞ்சம் மவுசு கூடியிருக்கிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. திறந்த பின்னரும் வரியோடு சேர்ந்த விலையைக் கேட்ட பலர், கையில் உள்ள காரையே திருத்தி ஓடுவோம் என்று முடிவெடுத்துவிட்டார்கள். பழைய வாகனத்தைக் கைவிடாமல் வைத்திருப்பது இங்கே புதிய பழக்கமும் அல்ல. 1990களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின்களிலும் மொரிஸ்களிலும் சில இன்னும் கலியாண ஊர்வலங்களில் தலைகாட்டுகின்றன. கடையில் கிடைக்கும் மலிவான போலி றபர் புஷ்கள் விரைவிலேயே வெடித்துப் போவதால், லண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ வரும் உறவினரின் பெட்டிக்குள் பொலியூரிதேன் புஷ் செட் ஒன்றும் வந்து சேர்கிறது. செட் வருகிறது, அதற்குரிய கிறீஸ் பலவேளைகளில் வருவதில்லை, அல்லது ஒரு சிறு பைக்கற்றில் வந்து பாதி வேலையில் தீர்ந்துவிடுகிறது. அதன் பிறகு என்ன பூசுவது என்பதே கேள்வி.

கிறீஸைத் தெரிவு செய்வதற்கு முன் இந்தப் புஷ் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சற்று விளங்கிக்கொள்வது நல்லது, ஏனெனில் தவறான பொருளை வாங்குபவர்கள் எல்லோரும் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள். வாகனத்தோடு வரும் றபர் புஷ்ஷில், உள்ளே இருக்கும் இரும்புக் குழாயும் வெளியே இருக்கும் இரும்புக் கூடும் றபரோடு ஒட்டவைக்கப்பட்டிருக்கும். லோவர் ஆம் மேலும் கீழும் அசையும்போது எதுவும் உரசுவதில்லை. றபர் முறுகி, பிறகு தன் நிலைக்குத் திரும்புகிறது. ஆகவே அதற்குக் கிறீஸ் தேவையில்லை. தேவையில்லை என்பது மட்டுமல்ல, எண்ணெய் பட்டால் இயற்கை றபர் ஊதிக் கெட்டுவிடும். பொலியூரிதேன் புஷ் பெரும்பாலும் அப்படி ஒட்டவைக்கப்படுவதில்லை. உள்ளே இருக்கும் இரும்புக் குழாயின் மேல் அது சுழல வேண்டும். அதாவது றபர் புஷ்ஷில் முறுக்கமாக நடந்த வேலை இங்கே வழுக்கலாக நடக்கிறது. வழுக்கல் உள்ள இடத்தில் மசகு இல்லாமல் முடியாது.

சத்தம் வருவது எப்படி என்றால், பொலியூரிதேன் குழாயின் மேல் ஒரு கணம் பிடித்துக்கொண்டு நிற்கிறது, பிறகு சடாரென்று விடுபட்டு வழுக்குகிறது, மீண்டும் பிடித்துக்கொள்கிறது. நின்ற நிலையில் உள்ள உராய்வு ஓடும் நிலையில் உள்ள உராய்வைவிட அதிகமாக இருப்பதால் இந்தப் பிடித்தலும் விடுதலும் மாறிமாறி நடக்கின்றன. நமது காதில் அது கீச்சொலியாக விழுகிறது. வேகம் குறைவாக இருக்கும்போது, ஒழுங்கைக்குள் திரும்பும்போது அல்லது வேகத்தடையில் ஊரும்போது, சத்தம் கூடுதலாகக் கேட்பதற்கும் இதுவே காரணம். சில்லுத் தாங்கியில் சுழற்சி தொடர்ந்து நடப்பதால் கிறீஸ் தானாகவே எல்லா இடத்துக்கும் இழுபட்டுப் போகும். புஷ்ஷில் அப்படியல்ல. சில பாகை முன்னும் பின்னும் அசைவது மட்டுமே அதன் வேலை. பாரமோ வாகனத்தின் பாரம். ஒரு முறை பிதுங்கி வெளியேறிய கிறீஸ் தானாகத் திரும்பி வராது. எனவே இங்கே தேவைப்படுவது மிக வழவழப்பான பொருள் அல்ல. வைத்த இடத்தை விட்டு அசையாத, நீர் அடித்தாலும் போகாத, பொலியூரிதேனையும் பக்கத்தில் உள்ள றபரையும் கெடுக்காத பொருள். எனது தரவரிசை முழுவதும் இந்த ஒரு அளவுகோலின்படி அமைந்தது.

நமது ஊரின் காலநிலை இந்த அளவுகோலை மேலும் கடினமாக்குகிறது. சோளகம் பெயர்ந்த பின் மாதக்கணக்கில் தூசி; வலிகாமத்துச் செம்மண் மா போல நுண்ணியது, கிறீஸ் தெரியும் எந்த இடத்திலும் போய் ஒட்டிக்கொள்ளும். ஒக்ரோபரிலிருந்து திசெம்பர் வரை மழை, வெள்ளம் நிற்கும் ஒழுங்கைகள். பண்ணைப் பாலத்தால் தீவுப் பக்கம் போய்வரும் வாகனங்களுக்கு வருடம் முழுவதும் உப்புக் காற்று. இவற்றோடு சேவிஸ் நிலையத்தில் வாகனத்தை உயர்த்திவைத்து அடிப்பக்கத்துக்கு அடிக்கும் உயரமுக்க நீரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மழை நாளில் நிற்கும் வெள்ளத்தைவிட இந்த நீர்த்தாரைதான் புஷ்ஷின் விளிம்பிலிருந்து கிறீஸை வழித்தெடுப்பதில் கெட்டிக்காரன்.

முதலில், செட்டோடு வரும் பைக்கற். பிரித்தானியாவின் பவர்ஃபிளெக்ஸ், அவுஸ்திரேலியாவின் சூப்பர்புரோ, அமெரிக்காவின் எனர்ஜி சஸ்பென்சன் போன்ற பெயருள்ள தயாரிப்பாளர்கள் புஷ்ஷோடு தங்கள் கிறீஸையும் தருகிறார்கள் அல்லது தனியாக விற்கிறார்கள். எனர்ஜி சஸ்பென்சனின் ஃபோர்முலா 5 என்பது அப்படித் தனியாகவும் வாங்கக்கூடிய ஒன்று. இவை பொதுவாகச் சிலிக்கோன் அடிப்படையிலானவை. சிலவற்றில் டெஃப்லோன் என்று நாம் சொல்லும் பி.ரி.எஃப்.ஈ. துகளும் கலந்திருக்கும். விரலில் எடுத்தால் பிசின் போல நூலாக இழுபடும். துணியால் துடைத்தாலும் கையை விட்டுப் போகாது. இந்த ஒட்டும் தன்மையைக் கண்டு முகம் சுளிப்பவர்கள் உண்டு, ஆனால் இதன் பெறுமதியே அதில்தான் இருக்கிறது. என் தீர்ப்பு: கிடைத்தால் இதற்கு மேல் தேட வேண்டியதில்லை. குறை ஒன்றுதான், அளவு போதாது. பைக்கற்றில் வருவது புஷ்ஷின் உட்துளைக்கு மட்டும் சரியாக இருக்கும். பக்கவாட்டு முகங்களுக்கு எதுவும் மிஞ்சாது. சத்தம் பாதி அந்த முகங்களிலிருந்து வருகிறது என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

பைக்கற் தீர்ந்ததும் நமது ஊரில் எவரும் செய்வது, ஸ்ரான்லி வீதிப் பக்கம் உதிரிப்பாகக் கடை ஒன்றுக்குப் போய்க் கிறீஸ் கேட்பது. கடைக்காரர் எந்தக் கேள்வியும் கேட்காமல் எடுத்து வைப்பது லிதியம் கிறீஸ் ரின். பெற்றோலியத்திலிருந்து எடுக்கும் கனிம எண்ணெயை லிதியம் சவர்க்காரத்தால் தடிப்பாக்கிச் செய்யும் இந்தப் பொருள் சில்லுத் தாங்கிக்கும் புரொப்பெலர் தண்டின் இணைப்புக்கும் உகந்தது, விலையும் மலிவு. கொக்குவிலில் எனது காரைப் பார்க்கும் மெக்கானிக்கிடம் இது இந்தப் புஷ்ஷுக்கு ஆகாது என்றபோது அவர் சிரித்தார். "கிறீஸ் எண்டால் கிறீஸ்தான் தம்பி, இதுக்கெல்லாம் சாதகம் பாக்கிறதே?" என்றார். அனுபவசாலி, அவர் சொல்வதை அப்படியே தள்ளிவிடவும் முடியாது. ஆகவே, "அண்ணை, அப்ப ஒரு பக்கத்துக்கு உங்கட கிறீஸ், மற்றப் பக்கத்துக்கு என்ர கிறீஸ், மாரி முடியப் பாப்பம்" என்று சொல்லி, வலப்பக்க லோவர் ஆமில் லிதியமும் இடப்பக்கத்தில் செட்டோடு வந்த கிறீஸும் பூசிப் பூட்டினோம்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். கனிம எண்ணெய் பட்டால் பொலியூரிதேன் கரைந்துவிடும் என்று அடித்துச் சொல்பவர்களின் பேச்சில் மிகை இருக்கிறது. ஜேசிபியின் ஹைட்ரோலிக் சிலிண்டர்களில் உள்ள சீல்கள் பல பொலியூரிதேனால் ஆனவை. அவை தம் ஆயுள் முழுவதும் கனிம எண்ணெயில் ஊறியபடியே வேலை செய்கின்றன. பொலியூரிதேனில் வகைகள் உண்டு. பொலியெஸ்டர் வகை எண்ணெயை நன்றாகத் தாங்கும், ஆனால் வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் நீராற்பகுப்பால் மெல்லமெல்லச் சிதையும். பொலியீதர் வகை நீரைத் தாங்கும், எண்ணெயில் சற்று ஊதக்கூடும். நம் கையில் இருப்பது எந்த வகை என்று பெட்டியில் எழுதியிருப்பது அரிது. ஆகவே தயாரிப்பாளர்கள் பெற்றோலியக் கிறீஸ் வேண்டாம் என்று சொல்வதைப் பின்பற்றுவது புத்திசாலித்தனம். ஆனால் எவரோ ஒருமுறை லிதியம் பூசிவிட்டார் என்பதற்காகப் புஷ்ஷைக் கழற்றி எறிய வேண்டிய அவசியமும் இல்லை.

லிதியத்துக்கு எதிரான வலுவான காரணம் வேறு. மாரி முடிந்து கழற்றியபோது வலப்பக்கக் குழாயில் இருந்தது கிறீஸ் என்று சொல்லத்தக்க பொருளாக இல்லை. விளிம்பில் செம்மண் கலந்து களிம்பாக இறுகியிருந்தது; உள்ளே எண்ணெய் பிரிந்து போய், சவர்க்காரம் மட்டும் கறுத்துக் காய்ந்து கிடந்தது; குழாயின் நடுவே சுண்டுவிரல் அகலத்துக்கு ஒரு வளையமாகத் துரு. இடப்பக்கத்தில் விளிம்பு மட்டும் அழுக்காக இருந்தது. அதைத் துடைத்ததும் உள்ளே கண்ணாடி போல ஒரு மெல்லிய படலம் அப்படியே இருந்தது. பெருவிரலை வைத்தால் நிற்கவில்லை. வலப்பக்கம் மழை தொடங்கிச் சில வாரங்களிலேயே முனக ஆரம்பித்துவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இன்னொன்று: வெப்பத்தில் பிரிந்து வடிந்த எண்ணெய், அருகில் இருந்த ஸ்டெபிலைசர் இணைப்பின் றபர் உறையில் இறங்கியிருந்தது. பொலியூரிதேன் தாங்கினாலும், பக்கத்தில் மிச்சமிருக்கும் றபர் தாங்காது. மெக்கானிக் இரண்டு குழாய்களையும் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எதுவும் சொல்லவில்லை, ஆனால் மற்ற ரியூப்பை எங்கே வாங்கலாம் என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு எதிர்பாராத பதில் இருக்கிறது. குடிநீர் வடிகட்டி பொருத்தித் திருத்துபவர்கள், வடிகட்டிக் கூட்டின் மூடியில் நீர் கசியாமல் அடைக்கும் ஓ வளையத்துக்குச் சிலிக்கோன் கிறீஸ் பூசுகிறார்கள். கிணற்று நீரின் கல்லுத்தன்மையால் வீட்டுக்கு வீடு வடிகட்டி வந்துவிட்ட ஊரில் அந்தத் தொழில் செய்பவரைத் தேடி அலைய வேண்டியதில்லை. சிறு டப்பியில் வெள்ளையாக அல்லது பளிங்கு போலத் தெளிவாக இருக்கும் இந்தக் கிறீஸ் நீரால் கழுவப்படாது, றபரையும் பொலியூரிதேனையும் எதுவும் செய்யாது. ஆனால் இது மெலிந்தது. பாரம் அழுத்தும்போது பிதுங்கி வெளியேறிவிடும். ஸ்டெபிலைசர் பார் புஷ் போன்ற, பாரம் குறைந்த, எளிதில் கழற்றிப் பூட்டக்கூடிய இடத்துக்குத் தாராளமாகப் பூசலாம். லோவர் ஆமின் பின்பக்கப் புஷ்ஷுக்கு நான் இதைப் பூச மாட்டேன். மேலும் டப்பியில் தயாரிப்பாளரின் பெயரும் பொருளின் விபரமும் இல்லாவிட்டால், அது சிலிக்கோன்தானா வெறும் வசலினா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அப்படிப்பட்டதை விட்டுவிடுவதே நல்லது.

அடுத்த படியில் இருப்பது, டவ் கோர்னிங் என்ற பெயரோடு நெடுங்காலம் அறியப்பட்ட மொலிக்கோட் 111. வால்வுகளுக்கும் ஓ வளையங்களுக்கும் என்று செய்யப்பட்ட, சிலிக்கா கலந்து தடிப்பாக்கிய சிலிக்கோன் கலவை இது. −40 பாகை தொடக்கம் 200 பாகை செல்சியஸ் வரை வேலை செய்யும் என்று குறிப்பிடப்பட்டிருக்கிறது. நமக்கு அந்த எல்லைகள் இரண்டும் தேவையில்லை. தேவையானது அதன் தடிப்பும் நீரை விரட்டும் இயல்பும்தான், அவை இரண்டும் தாராளமாக உண்டு. மொரிஸ் மைனரின் முன் சஸ்பென்சனில் டோர்சன் பாரின் (சுருள்வில்லுக்குப் பதிலாக முறுகி வேலை செய்யும் தண்டு) முனையைத் தாங்கும் ஐபோல்ட் புஷ்கள் இருக்கின்றன. முழு முன்பக்கத்தின் நோவும் வந்து சேரும் இடம் அது. அங்கே பூசிய 111 மாரி கடந்தும் இருந்த இடத்திலேயே இருந்தது, சத்தமும் இல்லை. கொழும்பில் கைத்தொழிற்சாலைகளுக்குப் பொருள் வழங்கும் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். பஞ்சிகாவத்தைக்கு உதிரிப்பாகம் எடுக்கப் போகும் எவரிடமாவது சொல்லிவிடுவதே நடைமுறையில் இலகு. விலை லிதியம் ரின்னைவிடப் பல மடங்கு. ஆனால் ஒரு ரியூப் ஒரு காருக்குப் போதும், மிஞ்சவும் செய்யும்.

சூப்பர் லூப் என்ற பெயரில் வரும் செயற்கைக் கிறீஸ் இதற்குச் சமமான போட்டி. இது சிலிக்கோன் அல்ல. செயற்கை எண்ணெயில் பி.ரி.எஃப்.ஈ. துகள் கலந்தது. −43 இலிருந்து 232 பாகை செல்சியஸ் வரை என்று குறிப்பிடப்படும் இந்தக் கிறீஸ், உணவு பதனிடும் இயந்திரங்களில் பயன்படுத்துவதற்கான எச்1 பதிவு பெற்றது. கிறீஸின் தடிப்பைக் குறிக்கும் என்.எல்.ஜி.ஐ. அளவில் இது 2, அதாவது சாதாரண தாங்கிக் கிறீஸின் தடிப்பு. பி.ரி.எஃப்.ஈ. இங்கே வெறும் விளம்பரச் சொல் அல்ல. எண்ணெய்ப் படலம் நசுங்கி மறைந்த பிறகும் அந்தத் துகள் இரண்டு முகங்களுக்கும் இடையில் கிடந்து வழுக்கலைத் தருகிறது. மெதுவான, பாரமான, சிறு அசைவுக்கு வேண்டியது அதுதான். ஆனால் ஒட்டும் தன்மை சிலிக்கோன் வகையை விடக் குறைவு என்பதால், நீர்த்தாரை அடிக்கும் இடத்தில் அதனை இரண்டாவதாகவே வைப்பேன். மறுபுறம் குழாயில் இரும்பும் இரும்பும் தொடும் இடங்களுக்கு, உதாரணமாகப் போல்ற் செல்லும் உட்துளைக்கு, சிலிக்கோனைவிட இது பொருத்தம்; இரும்போடு இரும்பு உரசும் இடத்தில் சிலிக்கோன் நல்ல மசகு அல்ல. 85 கிராம் ரியூப் ஒன்று வெளிநாட்டிலிருந்து வருபவரின் பெட்டியில் இடம் பிடிக்காது. ஸ்பிறே போத்தலை மட்டும் கேட்டுவிடாதீர்கள். எரியக்கூடிய வாயு அடைத்த அத்தகைய போத்தல்களை விமானப் பயணப் பெட்டியில் கொண்டுவர விடமாட்டார்கள்.

அந்த ஸ்பிறேயைப் பற்றி அதிகம் எழுத எதுவும் இல்லை. புஷ்ஷின் விளிம்பில் அடித்தால் அன்றைக்கே சத்தம் நிற்கும். மழையோ கழுவலோ வந்ததும் திரும்பி வரும். சத்தம் எந்தப் புஷ்ஷிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க, ஒவ்வொன்றாக அடித்துப் பார்க்கும் கருவியாக மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம். தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய், கழித்த இயந்திர எண்ணெய் ஆகிய மூன்றையும் யாரோ ஒருவர் எப்போதும் சிபாரிசு செய்வார், மூன்றும் வேண்டாம். பிரேக் றபருக்குப் பூசும் சிவப்புக் கிறீஸ் றபரைக் கெடுக்காதது என்பது உண்மை, எனவே அவசரத்துக்கு லிதியத்தைவிடத் தேவலாம். ஆனால் அது பாரம் தாங்கச் செய்யப்பட்டது அல்ல.

கறுப்புக் கிறீஸ்களைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. கிராஃபைற் கலந்த கிறீஸ் வழுக்கலைத் தரும், சத்தத்தையும் அடக்கும். ஆனால் கிராஃபைற் மின் கடத்தும் பொருள்; உப்பீரம் உள்ள இடத்தில் இரும்போடு தொட்டுக்கொண்டிருந்தால் இரும்பு அரிக்கப்படுவதை அது விரைவுபடுத்தும். ஊர்காவற்துறைக்கும் வேலணைக்கும் நாளாந்தம் போய்வரும் வாகனத்தின் புஷ் குழாயில் அதைப் பூசுவது, துருவுக்கு வெற்றிலை வைத்து அழைப்பதாகும். மொலிப்டெனம் கலந்த கிறீஸ்களில் அந்தத் துகளால் கெடுதல் இல்லை. ஆனால் அவற்றின் அடிப்படை எண்ணெய் பெரும்பாலும் கனிம எண்ணெயே என்பதால் லிதியம் பற்றிச் சொன்னது அவற்றுக்கும் பொருந்தும்.

எந்தக் கிறீஸை வாங்கினாலும் பூசும் முறை தவறினால் காசு நட்டம். நமது கராஜ்களில் எந்தப் பாகத்தையும் மண்ணெண்ணெயில் அல்லது பெற்றோலில் கழுவுவது வழக்கம். பொலியூரிதேனைப் பெற்றோலில் போட வேண்டாம், அது ஊதும். தின்னரும் அசெற்றோனும் அதைவிடக் கெடுதல். பிரேக் எண்ணெயும் பொலியூரிதேனைத் தாக்கும், ஆகவே பிரேக் வேலையும் புஷ் வேலையும் ஒரே நாளில் ஒரே மேசையில் நடக்கும்போது கவனம் தேவை. சவர்க்கார நீரில் கழுவி, துடைத்து, வெயிலில் உலரவிட்டால் போதும். முன்னர் பூசிய லிதியத்தின் மேலேயே சிலிக்கோனைப் பூசினால் இரண்டும் சேர்ந்து ஒட்டாது. பழையதை முற்றாக எடுத்துவிட வேண்டும். இரும்புக் குழாயை நுண்ணிய மணற்றாளால் தேய்த்து, விரல் நகத்தில் எதுவும் தடக்காத அளவுக்கு மழமழப்பாக்க வேண்டும். துருப்புள்ளி ஒன்று மிச்சமிருந்தாலும் அது அரத்தைப் போலப் புஷ்ஷைத் தின்னும், எந்தக் கிறீஸும் அதைக் காப்பாற்றாது.

பூசும்போது புஷ்ஷின் உட்துளை முழுவதும் தாராளமாக. துளைக்குள் வரிகளோ குழிகளோ வெட்டப்பட்டிருந்தால் அவை கிறீஸைத் தேக்கிவைப்பதற்காகவே வெட்டப்பட்டவை, அவற்றை நிரப்பிவிட வேண்டும். அதன் பிறகு பலரும் மறந்துவிடும் இடம், புஷ்ஷின் இரு பக்கத்துத் தட்டையான முகங்கள். லோவர் ஆமை வாகனத்தின் சட்டகத்துக்குள் தள்ளிப் பூட்டும்போது அந்த முகங்கள் சட்டகத்தின் இரும்போடு இறுக்கமாக உட்காரும்; அந்த ஆம் அசையும் ஒவ்வொரு தடவையும் அங்கேயும் உரசல் நடக்கும். உள்ளே எவ்வளவு விலையுயர்ந்த கிறீஸ் இருந்தாலும் அந்த முகங்கள் காய்ந்திருந்தால் சத்தம் வரும். வெளிப்பக்கத்தை, அதாவது ஆமின் வளையத்துக்குள் இறங்கும் பக்கத்தை, புஷ் இறங்குவதற்கு வேண்டிய அளவுக்கு மேல் பூச வேண்டியதில்லை. அங்கே சுழற்சி நடக்கக் கூடாது. செட்டோடு வந்த தாளில் இதுபற்றி வேறு விதமாகச் சொல்லியிருந்தால் அந்தத் தாளே முடிவு.

ஸ்டெபிலைசர் பார் வேறு விதம். அங்கே குழாய் இல்லை. பாரே புஷ்ஷுக்குள் திரும்புகிறது. பாரில் புஷ் உட்காரும் இடத்தில் உரிந்துகொண்டிருக்கும் பூச்சையும் துருவையும் எடுத்துவிட்டு, தண்ணீர்க் குழாய் பொருத்துபவர்கள் மரைக்குச் சுற்றும் வெள்ளை நாடாவைச் சில சுற்றுகள் இறுக்கமாகச் சுற்றி, அதன் மேல் கிறீஸ் பூசிப் புஷ்ஷைப் போடுவது நெடுங்காலமாகப் பலரும் செய்யும் உபாயம். அந்த நாடாவும் பி.ரி.எஃப்.ஈ.தான். அரிக்கப்பட்ட பாருக்கு இது நல்ல மருந்து, ஆனால் கிறீஸுக்கு மாற்று அல்ல. நாடாவை மட்டும் சுற்றிவிட்டால் கொஞ்சக் காலத்தில் அது சுருண்டு ஒரு பக்கத்துக்கு ஒதுங்கிவிடும். கிறீஸ் நிப்பிள் (துப்பாக்கியால் கிறீஸ் அடிக்கும் சிறு முனை) பொருத்திய பிடிகளோடு வரும் செட்டுகளும் உண்டு. அவற்றில் ஒரு ஆபத்து என்னவென்றால், சேவிஸ் நிலையத்தில் நிப்பிளைக் கண்டவுடன் கிறீஸ் துப்பாக்கியில் உள்ளதை அடித்துவிடுவார்கள், துப்பாக்கியில் இருப்பது லிதியம். நிப்பிளின் மேல் சிவப்பு வர்ணத்தில் ஒரு பொட்டு வைத்து, இதைத் தொட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. நீர்த்தாரையைப் புஷ்ஷின் விளிம்புக்கு நேரே பிடிக்க வேண்டாம் என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம்.

சிலிக்கோனுக்கு உள்ள ஒரே பெரிய குற்றத்தையும் எழுதிவிட வேண்டும். அது வர்ணத்துக்குப் பகை. கையில் ஒட்டிய சிலிக்கோனோடு கதவைத் தொட்டு, பின்னர் அந்த இடத்துக்கு வர்ணம் அடித்தால், மீன் கண் போன்ற குழிகள் விழும். அதைச் சவர்க்காரத்தால் போக்குவதும் எளிதல்ல. திருத்தமும் வர்ணப்பூச்சும் ஒரே கொட்டகைக்குள் நடக்கும் கராஜில் இந்த வேலையைச் செய்வதானால் கையுறை போட வேண்டும், துடைத்த துணியை வேறாக எறிய வேண்டும்.

பணத்துக்குரிய பெறுமதி என்று பார்த்தால், புஷ் செட் வாங்கும்போதே அதே தயாரிப்பாளரின் கிறீஸை மேலதிகமாக ஒரு ரியூப் சேர்த்து வாங்குவதே முதலாவது தெரிவு. அது கைக்கு எட்டாவிட்டால் லோவர் ஆமுக்கும் மொரிஸின் முன்பக்கத்துக்கும் மொலிக்கோட் 111. வெளிநாட்டிலிருந்து வருபவர் இருந்தால் சூப்பர் லூப். ஸ்டெபிலைசர் பாருக்கு மட்டுமானால் வடிகட்டிக்காரரின் டப்பி. சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும் போய்வருவது மட்டுமே வேலை என்றால், நல்ல அசல் றபர் புஷ் கிடைக்கும் வாகனத்துக்குப் பொலியூரிதேனே தேவையில்லை என்பது எனது எண்ணம். கடினத்தை அளக்கும் ஷோர் ஏ அளவில் றபர் 50, 60 என்று மென்மையாக இருக்க, பொலியூரிதேன் 80 முதல் 95 வரை கடினமாக இருப்பதால், வளைவில் கிடைக்கும் உறுதிக்கு ஈடாக ஒழுங்கையின் ஒவ்வொரு கல்லையும் முதுகில் உணர வேண்டிவரும். அசல் றபர் கிடைக்காத பழைய வாகனத்துக்கும், ஏ9 வீதியில் அடிக்கடி கொழும்புக்குப் போய்வருபவர்களுக்கும் அது பொருந்தும்.

வாங்கிய சிலிக்கோன் ரியூப்பில் மிஞ்சுவதை எறிய வேண்டாம். பிரேக் கலிப்பரின் வழுக்கு ஊசிகளுக்குச் சிலிக்கோன் கிறீஸ் உகந்தது. தேய்தகட்டின் முகத்திலோ டிஸ்கிலோ படாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். கதவோர றபர் பட்டிகளில் மெல்லிதாகப் பூசிவிட்டால் சோளகத் தூசிக் காலத்தில் அவை காய்ந்து வெடிக்காமலும் இருக்கும்.